வேட்புமனுவில் என் கையெழுத்தைக் கேட்டபோது

தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் எப்போது நடந்தாலும் பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியாகும் அன்று ராத்திரி பல வீடுகளில் ஒரே பேச்சு நடக்கும். "வார்டு பெண்களுக்குப் போயிருச்சு, உன் பேர்ல நிக்கலாம், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்." எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு 2019-இல் நடந்தது. அதற்குள் என்னென்ன சிக்கல் ஒளிந்திருக்கிறது என்று சொல்ல அன்றைக்கு எனக்கு ஒரு ஆள் இல்லை. இது பணம் போன கதை மட்டுமில்லை. மாமியார், கொழுந்தனார், என் சொந்தக் கணவர் என்று எல்லோரோடும் பேச்சு நின்றுபோய், ஒரே கூரையின் கீழ் தனி ஆளாக இருந்த கதையும் இதில் இருக்கிறது. இப்படி ஒரு கேள்வி வரப்போகிற பெண்களுக்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்களுக்குப் பல்லடம் பக்கம் ஒரு கிராமம். பாவு நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுக்கும் விசைத்தறிக் குடும்பம். நான் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. என் வீட்டுக்காரர் ஒரு கட்சியில் கிளைச் செயலாளராக இருந்தார். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பது, ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது, குடிநீர்க் குழாய் உடைந்தால் ஒன்றிய அலுவலகம் வரை போய் நின்று சத்தம் போடுவது என்று ஊருக்கு உண்மையாகவே ஓடியவர். ஒன்றியக் கவுன்சிலர் ஆகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசையை நானும் மதித்தேன்.

முதல் அடி 2016-இல் விழுந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் வார்டு அப்போது பொது. சீட்டு உறுதி என்ற நம்பிக்கையில், அறிவிப்பு வருவதற்கு முன்பிருந்தே அவர் செலவு செய்ய ஆரம்பித்துவிட்டார். கோயில் விசேஷத்துக்கு நன்கொடை, இளைஞர்களுக்குக் கிரிக்கெட் செட், சுவர் விளம்பரம், தினமும் பத்துப் பேருக்குச் சாப்பாடு. மனுத்தாக்கல் முடிந்த கையோடு அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. ஏலச்சீட்டு எடுத்து வைத்திருந்த 3 லட்சத்து 75 ஆயிரம் அத்தோடு போனது. அது மகளின் மேல்படிப்புக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டிய சீட்டு. தோற்றுப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நடக்காத தேர்தலுக்குச் செலவு செய்துவிட்டு யாரிடம் போய்க் கேட்பது? தேதி அறிவிப்பதற்கு முன் செலவாகும் பணம் எந்தக் கணக்கிலும் வராது, எந்தக் கட்சியும் திருப்பித் தராது. உங்கள் வீட்டில் யாராவது நிற்க ஆசைப்பட்டால், வேட்புமனு ஏற்கப்படும் வரை ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்குவதில்லை என்பதையாவது முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்ததுதான் எங்கள் குடும்பத்தைப் பிரித்த விவகாரம். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-இல் தீர்ப்புச் சொன்னது. 2017 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும் என்பது கெடு. நல்ல தீர்ப்பு என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். ஆனால் கோவை-திருச்சி நெடுஞ்சாலையில் மூடிய கடைகள் எங்கே போகும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. ஊருக்குள்ளே வந்தன. எங்கள் ஊரில், பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் தோட்டத்துப் பாதையில், ஒரு பழைய குடோனுக்கு வெள்ளையடித்துக் கம்பிக் கதவு மாட்டினார்கள். நாலே நாளில் டாஸ்மாக் வந்துவிட்டது. அதே ஏப்ரலில்தான் எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் சாமளாபுரத்தில், மதுக்கடையை எதிர்த்துப் போராடிய ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

நான் ஏன் போராட்டத்தில் போய் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் தம்பி 2014-இல் குடித்துக் குடித்தே இறந்தான். அப்போது அவனுக்கு 34 வயது. கடைசி வாரங்களில் வயிறு மட்டும் வீங்கி, கையும் காலும் குச்சியாகி, கண் மஞ்சள் பூத்துப் படுத்திருந்தான். என் மகளுக்குச் சீர் நடந்தபோது தாய்மாமன் உட்கார வேண்டிய பலகையில் என் சித்தப்பா மகன் உட்கார்ந்தான். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அதனால் ஊர்ப் பெண்கள் கடைக்கு முன்னால் உட்காரப் போகிறோம் என்றபோது, யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. என் வீட்டுக்காரரும் தடுக்கவில்லை. என் தம்பியைத் தோளில் சுமந்தவர் அவர். முதல் நாள் எங்கள் எல்லோருக்கும் கேனில் டீ கொண்டுவந்து ஊற்றினார். வெயிலுக்குத் துணிப்பந்தல் போட்டுக் கொடுத்தார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அன்றைக்கு அவரைப் பார்த்துப் பெருமைப்பட்ட மாதிரி நான் வேறெப்போதும் பெருமைப்பட்டதில்லை.

போராட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் குடும்பச் சண்டையில் இந்தக் காகிதங்கள்தான் நடுவில் வந்தன. அப்போது ஊராட்சிக்குத் தலைவரே கிடையாது. தேர்தல் நடக்காததால் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். மே 1 கிராம சபையில் கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். பள்ளிக்கூடமும் கோயிலும் கடையிலிருந்து எவ்வளவு தூரம் என்று நாங்களே டேப் பிடித்து அளந்தோம். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டு விதி. எங்கள் கோயில் 140 மீட்டரில் இருந்தது, அந்த விதி எங்களுக்கு உதவவில்லை. அப்புறம் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு, பிறகு உயர் நீதிமன்றத்தில் வழக்கு. மனுதாரர்களில் என் பெயர் முதலில் இருந்தது, எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால். சாலையில் உட்கார்ந்ததற்காக எங்கள் மேல் சட்டவிரோதமாகக் கூடியது, வழி மறித்தது என்று போலீஸ் வழக்கும் போட்டார்கள்.

கட்சி ஒன்றியப் பொறுப்பில் இருந்தவர் ஒரு நாள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். கடை வைத்த குடோன் அந்தப் பொறுப்பாளருடைய சகலையினுடையது, பக்கத்தில் பாரும் அவர்கள் ஆள்தான் எடுத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் என் முகத்தைப் பார்க்காமல், "அம்மணி, நீ உட்கார வேண்டாம், மத்தவங்க உட்காரட்டும்" என்றார். "ஏனுங்க, நேத்து நீங்கதான டீ கொண்டாந்தீங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. அதற்குப் பிறகு நான் போராட்டத்துக்குப் போகும் நாளெல்லாம் வீட்டில் பேச்சு இருக்காது. வெளிப்படையாகச் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தட்டை நகர்த்தி வைப்பதும், மகளிடம் சொல்லி என்னிடம் சொல்லச் சொல்வதும்தான் என்னைத் தின்றது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஊர்ப் பிரச்சினைக்கான கோப்பை, மனுவின் நகல், ஒப்புகைச் சீட்டு, தீர்மானத்தின் நகல், வக்கீல் கொடுத்த காகிதம் எதையும், அரசியலில் இருக்கும் ஒருவருடைய வீட்டில் வைக்காதீர்கள். என் பீரோவில்தான் இருந்தது. "அதை ஒரு தடவை பாக்கணும், கொடுத்து விடு" என்று கொழுந்தனார் கேட்டு வந்தபோதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, எங்களோடு உட்கார்ந்த ஒரு கோழிப்பண்ணை அக்கா வீட்டில் கொடுத்து வைத்தேன். கூடவே இரண்டு செட் ஜெராக்ஸ். வழக்கில் மனுதாரராக ஒரே ஒரு பெயர் இருக்கக் கூடாது என்று வக்கீல் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். ஒருவரை மிரட்டியோ கெஞ்சியோ விலக வைத்தாலும் வழக்கு நிற்க வேண்டும் என்பதற்காக. ஐந்து பேர் பெயர் சேர்த்திருந்தோம். அது எவ்வளவு பெரிய உதவி என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். வாக்குப்பதிவு 27, 30 தேதிகளில். மனுத்தாக்கல் 9 முதல் 16 வரை. வார்டு மறுவரையறையில் எங்கள் வார்டு பெண்களுக்குப் போய்விட்டது. அந்தச் செய்தி வந்த அன்று அவர் தறிக்கூடத்திலிருந்து வரவே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வந்து, எனக்குப் பிடித்த முறுக்குப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். "நீதான் நிக்கோணும்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய பேச்சு அது. உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசை வந்தது. ஒன்றியக் குழுவில் போய் உட்கார்ந்தால் அந்தக் கடையைப் பற்றி அங்கேயே பேசலாமே என்று நினைத்தேன். சரி என்றேன். மாமியார் சாமிக்கு விளக்கு ஏற்றினார். வீடே மறுபடி வீடாக ஆனது போல இருந்தது. அந்த ஒரு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் என் 11 பவுன் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் என் பெயரிலேயே அடகு வைக்கச் சம்மதித்தேன். 2 லட்சத்து 10 ஆயிரம் கிடைத்தது. அம்மா வீட்டில் போட்ட நகை அது. கல்யாணத்துக்குப் பெண்ணுக்குப் போடும் நகை அவளுக்கே முழு உரிமையானது, கணவர் அதில் பங்கு கேட்க முடியாது, இக்கட்டில் எடுத்துச் செலவழித்தாலும் திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில்கூடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடகு வைப்பதாக முடிவெடுத்தால் ரசீதும் பாஸ்புத்தகமும் உங்கள் கையில் இருக்கட்டும். பணம் யாருக்கு, எதற்காகப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் எதற்கு என்று தோன்றும். எழுதிவைத்தால் பின்னால் "நான் எப்போ வாங்கினேன்" என்ற பேச்சு வராது. 2021-இல் கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோது, குடும்பத்துக்கு 40 கிராமுக்குள் இருந்தால்தான் தகுதி என்றார்கள். எங்களுடையது 88 கிராம். ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி ஆகவில்லை.

ஒன்றிய வார்டுக்கு டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு 300. தேர்தல் ஆணையம் அனுமதித்த செலவு 85,000 ரூபாய். அவர் எழுதி வைத்திருந்த பட்ஜெட்டைப் பார்த்தேன், அதில் முதல் வரியிலேயே 85,000-ஐத் தாண்டியிருந்தது. மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "அதெல்லாம் ஏற்பாடு ஆயிருச்சு" என்றார்.

அந்த ஏற்பாடு என்னவென்று எனக்குத் தெரிந்தது வேட்புமனுவோடு இணைக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில்தான். வேட்பாளரின் சொத்து, கடன், குற்ற வழக்கு எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும், கணவருடையதும் சேர்த்து. கட்சி ஆபீஸில் டைப் அடித்துக் கொண்டுவந்த தாள்களில் பேனாவால் குறுக்குக் கோடு போட்ட இடங்களில் நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஆசிரியை, படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் இல்லை. கடன் என்ற கட்டத்தில், தறிக்கூடமும் அது நிற்கிற இடமும் ஒரு தனியார் ஃபைனான்சில் 8 லட்சத்துக்கு அடமானம் என்று இருந்தது. நான் அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டே திரும்பத் திரும்பப் படித்தேன். மாமனார் கட்டிய தறிக்கூடம். அத்தைக்கும் தெரியாது. டைப் அடித்த பையனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. உங்கள் பெயரில் மனுத்தாக்கல் என்றால், தயவுசெய்து அந்தப் பத்திரத்தை ஒரு நாள் முன்னதாகவே வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் குடும்பத்தின் உண்மையான நிலவரம் ஒருவேளை அந்தத் தாளில்தான் முதல் தடவையாக உங்கள் கண்ணில் படும். போலீஸ் வழக்கு இருந்தால் மனு தள்ளுபடி ஆகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே தள்ளுபடி ஆகாது, ஆனால் எழுதாமல் மறைத்தால் சிக்கல்.

அடமானத்தைப் பற்றி நான் கேட்டுக்கொண்டிருந்தபோதே இன்னொரு தாள் வந்தது. அந்த ஒன்றியப் பொறுப்பாளரே நேரில் வந்து, சோபாவில் உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு நீட்டினார். மதுக்கடைக்கு எதிரான மனுவில் தவறான தகவலின் பேரில் கையெழுத்திட்டுவிட்டேன், வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று என் பெயரில் எழுதியிருந்தது. அது கையெழுத்தானால்தான் பி ஃபார்ம், அதாவது கட்சிச் சின்னத்தில் நிற்கக் கட்சி கொடுக்கும் படிவம். "ஒரு கையெழுத்துதான அம்மணி" என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரல் நடுங்கியது, அதையும் நான் கவனித்தேன். அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கண்ணு, குடும்பம் தலை நிமிர்றது உனக்குப் பிடிக்கலையா? செத்தவனுக்காக இருக்கறவங்க கெட்டுப் போகோணுமா?" என்று கேட்டார். என் தம்பியைப் பற்றி அப்படிச் சொன்னது இன்றுவரை எனக்கு ஆறவில்லை. "இதுல எது தவறான தகவல்னு சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்று அந்த மனிதரிடம் கேட்டேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். இரண்டு தாளிலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

அன்று மாலையே கொழுந்தனார் மனைவியின் பெயர் போனது. எனக்காக அடித்த நோட்டீசில் என் படத்தை எடுத்துவிட்டு அவள் படம் வைத்தார்கள். என் நகைப் பணத்தில் அவள் பிரச்சாரம் நடந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளையும் யாரும் கேட்டுச் செய்யவில்லை. ஆனால் அவள் வண்டியில் நின்று கும்பிட்டுக்கொண்டே எங்கள் வாசலைக் கடந்தபோது, ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர். நான் உள்ளே போய் மிக்சியை ஓடவிட்டு நின்றேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி வந்ததெல்லாம் இங்கே எழுத முடியாது. பதில் எதுவும் போடவில்லை. அது நல்லதாகப் போயிற்று. அந்த நேரத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் படம் பிடிக்கப்பட்டு எதிரணிக்கும் போகும், பிறகு "கட்சிக்குத் துரோகம்" என்று உங்கள் மேலேயே திரும்பும். பேச வேண்டுமென்றால் நேரில், ஒருவரிடம் மட்டும் பேசுங்கள்.

வாக்குப்பதிவு அன்று கையில் நான்கு சீட்டு கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். பச்சைச் சீட்டில் நான் யாருக்கு முத்திரை குத்தினேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். வீட்டில் கேட்டார்கள், சத்தியம் செய்யச் சொன்னார்கள். ஓட்டு ரகசியம் என்று சட்டம் சொல்வது எதிர்க்கட்சிக்காரனிடமிருந்து காப்பதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சொந்த வீட்டுக்குள்ளும் அது உங்களுடைய உரிமைதான். 2020 ஜனவரி 2-ஆம் தேதி எண்ணியபோது சில நூறு ஓட்டில் தோற்றார்கள். கடைப் பாதையை ஒட்டிய தெருக்களில் ஓட்டு விழவில்லை. அந்தத் தோல்விக்கு வீட்டில் ஒரே காரணமாக நான் ஆனேன்.

அவர் படுக்கையை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு அத்தை எனக்கும் மகளுக்கும் தனியாகப் பொங்கல் வைக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சிரித்துப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. அவளிடம் எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது என்று பலர் சொன்னார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் என்ன கருத்து வேறுபாடு, அப்பா ஏன் அப்படி நினைக்கிறார், நான் ஏன் இப்படி நினைக்கிறேன் என்று இரண்டு பக்கத்தையும் சொன்னேன். அப்பாவைப் பார்க்கத் தினமும் டிபன் கொடுத்து அனுப்பினேன். பிள்ளைகளை நம் பக்கம் இழுத்தால் அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் தேர்தல் முடிந்தபிறகும் அவர்களுக்கு அவர் அப்பாதான்.

மத்தியஸ்தம் பேச வந்தவர்கள் எல்லோரும் கட்சிக்காரர்கள் அல்லது அவர்களுக்கு வேண்டியவர்கள். "ஒரு மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சுது" என்பார்கள். அந்தத் தேர்தலில் எந்த லாபமும் இல்லாத ஒருவர்தான் இதற்குச் சரியான ஆள். எங்களுக்கு என் வீட்டுக்காரருடைய பழைய நெசவு வாத்தியார் கிடைத்தார். அப்படி யாரும் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, சமரசப் பேச்சுக்கும் ஏற்பாடு செய்வார்கள். நகையையோ சொத்தையோ பறிப்பது, செலவுக்குப் பணம் தராமல் நிறுத்துவது ஆகியவை 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளாதாரக் கொடுமையாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. மிரட்டல் வந்தால் 181 எண்ணில் பேசலாம். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் அந்த எண்ணை எழுதி வைத்திருந்தேன்.

2020 மார்ச் ஊரடங்கு வந்தது. தறி நின்றது, அவர் வீட்டுக்கு வர வேண்டியதாயிற்று. மே 7-ஆம் தேதி மதுக்கடைகளைத் திறந்தார்கள். குடையோடு வந்தால்தான் சரக்கு என்று எங்கள் மாவட்டத்தில் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே கடைப் பாதை முழுக்கக் கறுப்புக் குடைகள், நடுநடுவே பெண்பிள்ளைகளின் பூப்போட்ட குடைகள். மொட்டை மாடியிலிருந்து இருவரும் பார்த்தோம். பூப்போட்ட குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எங்கள் தறிக்காரர். கஞ்சிக்கே இல்லை என்று முந்தின நாள் என் வீட்டுக்காரரிடம் ஆயிரம் ரூபாய் வாங்கிப் போனவர். அந்தக் குடை அவருடைய மகளுடையது, நான்தான் பள்ளிக்கூடத்தில் தினமும் பார்ப்பேனே. என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தத் தாளை நான் உங்கிட்ட நீட்டியிருக்கக் கூடாது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பதற்கு எனக்கு இன்னும் நாள் தேவைப்பட்டது. அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய்.

சரி, பணக் கணக்கு. 2016-இல் 3.75 லட்சம், நகையில் 2.10 லட்சம், தறிக்கூடத்தின் மேல் 8 லட்சம். வட்டி இல்லாமலே 13 லட்சத்து 85 ஆயிரம். நான்கு தறியைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டோம். தறிக்கூடத்தை 2022-இல் மீட்டோம். நகையில் 6 பவுன் திரும்பியது, மீதியை வட்டி கட்ட முடியாமல் விற்றுவிட்டோம். கடை 2023 ஜூன் 22 அன்று மாநிலம் முழுவதும் மூடிய 500 கடைகளில் ஒன்றாகப் போனது. எங்கள் வழக்கால்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வழக்கில் ஐந்து பெயரும் கடைசி வரை இருந்தன. அத்தையும் நானும் பேசுகிறோம், என் தம்பியைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. கொழுந்தனார் மனைவி என்னைத் தனியாகப் பார்த்தபோது, "அக்கா, எனக்கும் ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாங்க, என்னன்னே படிக்கல" என்றாள். அது என்ன தாள் என்று இருவரும் சேர்ந்து தேடி எடுத்தோம். அவளைக் கடனாளியாகக் காட்டிய 2 லட்சத்துக்கான புரோநோட்டு. அதை அடைத்துத் திரும்ப வாங்க ஒரு வருடம் ஆனது.

இப்போது மறுபடி தேர்தல் பேச்சு வந்திருக்கிறது. வீட்டுக்காரருக்கு ஆசை விடவில்லை, விட வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் இந்தத் தடவை பேசி எழுதி வைத்திருக்கிறோம். வீடு, தறிக்கூடம், நகை மூன்றும் தேர்தலுக்கு வெளியே. செலவு ஆணையத்தின் வரம்புக்குள், தனி வங்கிக் கணக்கில். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் அடுத்து நிற்கவே முடியாமல் போகும் என்பதால் ரசீதுகளை நான் வைத்துக்கொள்வது. வெற்றுத் தாள், வெற்றுக் காசோலை, வெற்றுப் பத்திரம் எதிலும் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. வார்டு பெண்களுக்கு வந்தால் நான் நிற்பேன், ஆனால் கூட்டத்துக்குப் போய் உட்காருவதும் பேசுவதும் நானாகத்தான் இருப்பேன், அவர் வெளியே காத்திருக்க வேண்டும். மதுக்கடையைப் பற்றி நான் பேசுவதைக் கட்சி மாற்றச் சொன்னால் சுயேச்சையாக நிற்பது, இல்லை நிற்காமலே இருப்பது. கடைசி வரியில் அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். கொழுந்தனார் மனைவிதான் சாட்சி, முழுவதையும் படித்துவிட்டுத்தான் பேனாவைக் கையில் வாங்கினாள்.